குதிகால் தேய்ந்த இடம்

நவம்பர் 3, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நான்கு வருடம் பத்து மாதம் ஆகிறது. இன்று காலை அந்தப் பச்சை வண்டி லாரியில் ஏறி என் பட்டறை வாசலுக்கு வந்து இறங்கியபோதே முடிவு செய்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது. எங்கே, யாருக்கு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி இங்கிலாந்தில் செய்தது. 1961. இரண்டே இருக்கை, மேல்மூடி கிடையாது. கோயமுத்தூரில் இந்த மாதிரி மூன்றோ நான்கோதான் இருக்கின்றன. பின்னால் இன்னொரு காரில் கோவர்த்தன் வந்தான். அவன் இறங்கி நடப்பதைப் பார்க்க வேண்டியதில்லை, காதால் கேட்டாலே போதும். செருப்புத் தைப்பவர்கள் லாடம் என்பார்களே, அந்த இரும்பை ஷூவின் குதிகாலில் அடித்துக்கொள்வது அவன் அப்பா காலத்துப் பழக்கம். டக், டக். மில்லில் அந்தச் சத்தம் வராந்தாவில் கேட்டால் ஆட்கள் டீ டம்ளரைக் கீழே வைப்பார்கள்.

"என்ன வாத்தியாரே, கடை ஓடுதா?"

கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்சு. தேர்வுக்கு முதல் நாள் என் நோட்டை வாங்கிப் படித்துத் தேறியவன். அன்று வைத்த பெயர் வாத்தியார். அதை இன்னும் விடவில்லை.

"ஜனவரியில பழைய கார் ஊர்வலம். வண்டிய வெளிய எடுக்கலாம்னு இருக்கேன். எஞ்சின் வேலை ஆயிருச்சு. உள்ள கம்பளம் பூரா போச்சு. நாறுது. புதுசு போட்டுக் குடு."

"போட்டர்லாம்."

"பழசு ஏழு துண்டு இருக்கும். ஏழையும் எங்கிட்டத் திருப்பிக் குடுத்துரு. ஒரு நூலு இங்க இருக்கக் கூடாது."

"பழசு எதுக்கு உனக்கு?"

"ஞாபகத்துக்குடா" என்று சிரித்தான். பல் தெரிந்தது, கண் சிரிக்கவில்லை.

ஊரில் இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவன் ஏன் என்னிடம் கொண்டுவந்தான் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று.

நவம்பர் 4, செவ்வாய்

கம்பளங்களைக் கழற்றினோம். பிரஸ் பட்டன்கள் துருவேறி மாட்டிக்கொண்டிருந்தன, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. என்னிடம் தையல் வேலை செய்யும் ஜெபமணி மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, "எலி குடித்தனம் பண்ணீருக்குதுங் சார், வாடகை வாங்கிப்போட்டு வுடுங்க" என்றாள்.

யாராவது இதைப் படிப்பார்கள் என்றால் அவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி. நான் நெசவுத் தொழில்நுட்பத்தில் எம்.டெக். கோவர்த்தனின் மில்லில் இருபத்திரண்டு வருடம் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவன். துணி எத்தனை உராய்வுக்குத் தாங்கும், எங்கே முதலில் நூல் அறும், எதனால் அறும் என்று பார்ப்பதுதான் என் வேலை. துணி தேய்ந்த விதத்தைப் பார்த்தால் எது தேய்த்தது என்று சொல்லிவிடுவேன். இன்று காருக்குக் கம்பளம் தைக்கிறேன்.

ஓட்டுநர் பக்கத்துத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தேன். ஆக்ஸிலேட்டருக்குக் கீழே, குதிகால் ஊன்றுகிற இடத்தில், பிறை வடிவத்தில் ஓட்டை. நூல்கள் தேய்ந்து மெலிந்து போகவில்லை, வெட்டுப்பட்டிருக்கின்றன. ஓரத்தில் செம்மண் நிறப் பொடி. இரும்புத் துரு. பிறை நேராக இல்லை, வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து ஓட்டுகிறவனின் குதிகால்.

ஜெபமணி எட்டிப் பார்த்தாள். "இது டிரைவர் ஆறுச்சாமியண்ணன் காலு இல்லீங் சார். லாடங்கட்டின காலு."

துண்டைப் புரட்டினேன். சணல் அடிப்பாகத்தின் மூலையில் மார்க்கர் பேனாவில் எழுத்து: ஓட்டுநர் பக்கம், 12-3-2017. கீழே சுருக்கொப்பமாக ஒரு சுழி. என் கையெழுத்து, என் சுழி. இந்தக் கம்பளத்தைப் பரிசோதனைக் கூடத்தில் தேர்ந்தெடுத்துப் போட்டுக் கொடுத்ததே நான்தான். மறந்தே போயிருந்தேன்.

நவம்பர் 5, புதன்

மழை. பசை காயவில்லை.

நவம்பர் 6, வியாழன்

அந்தத் தேதி ஏன் முக்கியம் என்று எழுதிவைக்க வேண்டும்.

கோவர்த்தனுக்கு வலது முழங்காலில் அறுவை நடந்தது 2016 தீபாவளிக்கு முன். அதன் பிறகுதான் அவன் பாதம் வெளிப்பக்கம் திரும்பியது. நீதிமன்றத்தில் அவன் சொன்னது: "ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் சொல்லி நான் அந்த வண்டிய ஓட்டறதே இல்லைங்க. டிரைவர் ஆறுச்சாமிதான் ஓட்டுவார். நான் இடது பக்கம் உட்கார்ந்து வருவேன்." கம்பளம் போட்டது அறுவைக்குப் பிறகு. விபத்துக்குப் பின் போலீஸ் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததும் வண்டி கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. ஆகவே இதில் உள்ள தேய்மானம் எல்லாம் 2017 மார்ச்சுக்கும் 2021 ஜனவரிக்கும் இடைப்பட்டது.

2021 ஜனவரி பத்தாம் தேதி, ஞாயிறு, காலை ஆறே முக்கால். சிறுவாணி ரோடு. ஞாயிறுதோறும் அவன் அந்த வண்டியில் காற்று வாங்கப் போவான். வழியில் நின்றுபோனால் தள்ள ஆள் வேண்டுமே, அதற்காக மில் ஜீப்பில் டூல் பாக்ஸுடன் பின்னால் போக வேண்டியது எம்.டெக் படித்த நான். வளைவில் மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு எதிரே வந்தவர் காளியப்பன். நாற்பத்தொரு வயது. வண்டி மோதி அங்கேயே உயிர் போனது. பால் ரோட்டில் ஓடி ஜீப் வரைக்கும் வந்தது.

நான் பார்த்ததைப் பார்த்தேன். இன்றைக்கு இது போதும்.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் ஏழு துண்டுகளின் அச்சையும் பழுப்புத் தாளில் எடுத்தேன். இருக்கைகளுக்கு நடுவிலுள்ள மேட்டுக்கான துண்டு சுருங்கியிருக்கிறது, முக்கால் அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும். புதிய கம்பளம் கறுப்பு வேண்டுமென்றான், அடர்பச்சைதான் வண்டிக்குப் பொருந்தும் என்றேன். போனில் "நீ சொன்னா சரி வாத்தியாரே" என்றான். கம்பளத்தின் நிறத்தில் மட்டும் என் பேச்சு எடுபடும்.

மதியம் ஜெபமணி தூக்குப்போசியைத் திறந்துகொண்டே சொன்னாள்: "ஆறுச்சாமியண்ணனுக்கு இருவத்தி நாலாந்தேதிங் சார். அன்னைக்குக் கோர்ட்டுல போய் நிக்கணும். அப்படியே உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்களாமா. ரெண்டு வருசம்."

ஜெபமணி வீடும் ஆறுச்சாமி வீடும் சிங்காநல்லூரில் ஒரே லைனில். சுவருக்குச் சுவர்.

"அப்பீல் என்னாச்சு?"

"போன மாசமே தள்ளுபடி பண்ணிப்போட்டாங்க. மில்லு வக்கீலு கையக் கழுவிட்டாரு. இப்ப இலவச வக்கீலு ஒரு அம்மா பாக்குது. ஹேமாவதின்னு. நல்லாத்தான் பேசுது. ஆனா சாட்சி வேணுமாமா."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

ஆறுச்சாமியைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். மில்லில் முப்பது வருடம் டிரைவர். எந்த வண்டியையும் செருப்போடு ஓட்டமாட்டார். கொட்டகையில் ஒரு பலகை, அதில் செருப்பை ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறுவார். ஒரு முறை நான் கேட்டேன். "ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சுக் கும்புட்ட வண்டிங்க. அப்புறம் அதுலயே செருப்போட ஏறுனா மனசு கூசுமுங்க" என்றார். நான் சிரித்தேன். படித்தவன் சிரிக்கத்தானே செய்வான்.

வெறுங்கால் கம்பளத்தை வெட்டாது. வியர்வையும் எண்ணெயும் ஏறி நூலைப் படியவைத்துக் கறுப்பாக்கும், அவ்வளவுதான். மூன்று வருடம் பத்து மாதம் அந்தக் குதிகால்கள் அங்கே ஊன்றியிருந்தாலும் ஓட்டை விழாது. கோவர்த்தனும் அவனுடைய இரண்டு வக்கீல்களும் எல்லாவற்றையும் யோசித்தார்கள். ஆறுச்சாமியின் செருப்பை யோசிக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பட்டறை விடுமுறை. வீட்டில் சுவர்க் கடிகாரம் மறுபடி நின்றுவிட்டது. மில்லில் இருபத்திரண்டு வருட வேலைக்கு எனக்குக் கொடுத்தது. நான் பேட்டரி மாற்றப் போவதில்லை.

2022 ஏப்ரலில் பொது மேலாளர் பதவி காலியானது. அது எனக்கு என்று சொல்லப்பட்டிருந்தது. சாதாரணமாகச் சொல்லப்படவில்லை, வாக்காகச் சொல்லப்பட்டது. எந்தச் சூழ்நிலையில் என்பது இங்கே தேவையில்லை. ஏப்ரல் பதினெட்டாம் தேதி கோவர்த்தனின் மருமகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். பஞ்சையும் பாலியஸ்டரையும் கையால் தொட்டுப் பிரித்துச் சொல்லத் தெரியாதவன். முதல் கூட்டத்தில் என்னைப் பார்த்து, "அங்கிள், இந்த லேபெல்லாம் வெளியே கொடுத்துப் பண்ணிக்கலாமே" என்றான். அடுத்த வருடம் லேப் இல்லை. நானும் இல்லை.

கோவர்த்தன் அப்போது சொன்னான்: "உனக்கென்னடா, நாலெழுத்துப் படிச்சவன், எங்க போனாலும் பொழச்சுக்குவ."

பழையதைக் கிளறிக்கொண்டிருக்கவில்லை. இந்த வழக்கில் நியாயம் என்ன என்பதுதான் என் கேள்வி. இதையும் எழுதிவைப்பது, ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்று யாராவது கேட்டால் சொல்வதற்காக.

நவம்பர் 10, திங்கள்

டக், டக். பதினொரு மணிக்கு வந்தான். சொல்லாமல் வந்தான்.

சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த பழைய துண்டுகளை விரலால் எண்ணினான். ஏழு. ஓட்டுநர் பக்கத்துத் துண்டின் முன் கொஞ்சம் நின்றான். ஷூ நுனியால் அதை இலேசாகத் தள்ளினான்.

"ஜெபமணி, நல்லாருக்கியா? பொண்ணு நம்ம மில்லுலதான வேலை செய்யுது? எந்த ஷிப்ட்டு?"

"ரெண்டாவதுங் முதலாளி" என்றாள். அவள் குரல் அவ்வளவு சிறியதாகி நான் கேட்டதில்லை.

என்னை வெளியே வண்டிப் பக்கம் அழைத்துக்கொண்டு போனான். கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னான்:

"ரெண்டு சீட்டு வண்டி வாத்தியாரே. இதுல நாம மூணு பேரு போயிட்டிருக்கோம். நான், நீ, ஆறுச்சாமி. எத்தனை நாளைக்கு முடியும்? ஒருத்தர் எறங்கித்தான் ஆகணும்."

"அவர் என்ன தப்புப் பண்ணாரு?"

"தப்ப யாரு பேசுனா? எடம் பத்தாதுன்னேன்."

போகும்போது திரும்பி, "டைரி எழுதற பழக்கம் காலேஜ்ல இருந்துதே உனக்கு. இன்னும் இருக்கா?" என்றான்.

"அதெல்லாம் விட்டாச்சு."

"நல்லது. கண்ணுக்குக் கெடுதி."

நவம்பர் 11, செவ்வாய்

இந்த நோட்டை இனி வீட்டில் வைப்பதில்லை. நூல் கண்டுகள் வைக்கிற தகரப் பெட்டிக்கு அடியில்.

நவம்பர் 12, புதன்

வந்தார்கள். ஜெபமணிதான் கூட்டிக்கொண்டு வந்தாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

ஆறுச்சாமி மெலிந்துவிட்டார். பட்டறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். "செருப்போடவே வாங்க, கீழே ஆணி கிடக்குது" என்றேன். "இருக்கட்டுங்க" என்றார். பச்சை வண்டியைப் பார்த்ததும் போய் முன் பக்கத்துத் தூசியைத் துண்டால் துடைத்தார். கையை எடுத்தபின் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர் மனைவி ராமாத்தாள் உட்காரவில்லை.

"ஏனுங், பதினாலு நாள் கூட இல்லீங்க. பன்னெண்டு நாளு" என்றார்.

"தெரியுமுங்க."

"வக்கீலம்மா சொல்லுச்சு. அன்னைக்குப் பாத்தவரு ஒருத்தருதான். அவரு வந்து நெசத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாருன்னா மெட்ராஸ் கோர்ட்டுல மனுப் போட்டு நிறுத்தி வெச்சர்லாம்னு."

நான் கம்பளத்தைப் பற்றிச் சொன்னேன். லாடம், பிறை, தேதி. ஆறுச்சாமிக்குப் புரிந்தது. ராமாத்தாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அது துணிங்க. அதுக்கு வாயில்லீங்க" என்றார்.

"ஆறுச்சாமி, நீங்க ஏன் அன்னைக்கு ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "மொதலாளி கைய புடிச்சுக்கிட்டாருங்க. ரோட்டுலயே. அபராதம் கட்டிட்டு வந்தர்லாம் ஆறுச்சாமி, எனக்கு முட்டி வேற இப்படி, நான் உள்ள போனா செத்துருவேன்னாரு. முப்பது வருசம் அவிய உப்பு. செரீங்கன்னுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார் ராமாத்தாள் கணவரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவரு கூடக் கோர்ட்டுல மாத்திச் சொன்னாருங்க. அபராதமில்ல, செயிலுன்னு தெரிஞ்சதும் நெசத்தச் சொன்னாரு. யாரும் நம்பல. ஏன்னா நீங்க கூண்டுல ஏறிச் சொன்னீங்க."

"நான் இத்தனை நாள் பேசாம இருந்தது தப்புதானுங்க" என்றேன்.

ராமாத்தாள் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"நீங்க பேசாம இருந்திருந்தாத் தேவலைங்களே. பேசுனதுனாலதான இவரு போறாரு."

காபி வாங்கிவரச் சொன்னேன். குடிக்கவில்லை. கிளம்பும்போது ஆறுச்சாமி மட்டும், "சார் மேல எனக்குக் கோவமில்லீங்க. சாருக்கும் என்ன கட்டாயமோ" என்றார்.

அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

நவம்பர் 13, வியாழன்

முதல் நாள் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறேன். அது முழுக்கச் சரியில்லை. திருத்துகிறேன்.

2021 ஜனவரி பத்து, காலை ஒன்பது மணிக்குக் காவல் நிலையத்தில் நான் சொன்னது: "ஓட்டியது ஆறுச்சாமி. மேல்மூடி இல்லாத வண்டி. பின்னாலிருந்து தெளிவாகப் பார்த்தேன்." 2023 பிப்ரவரியில் அதையே கூண்டில் ஏறிச் சொன்னேன். ஆறுச்சாமியின் வக்கீலே குறுக்கு விசாரணையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவரும் மில் வக்கீல்.

தெளிவாகத்தான் பார்த்தேன். வலது பக்கம் கோவர்த்தனின் தொப்பி. இடது பக்கம் ஆறுச்சாமியின் நரைத்த தலை.

பொது மேலாளர் பதவி பற்றி அவன் வாக்குக் கொடுத்தது காவல் நிலைய வாசலில், வேப்பமரத்தடியில். 'எந்தச் சூழ்நிலையில் என்பது தேவையில்லை' என்று ஒன்பதாம் தேதி எழுதியிருக்கிறேன். பதவி போனபின்னும் 2023ல் ஏன் மறுபடி சொன்னேன் என்றால், முதலில் சொன்னதை மாற்றிச் சொன்னால் அது குற்றம். படித்தவன் என்பதால் அது எனக்குத் தெரிந்திருந்தது.

என் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள்.

நவம்பர் 15, சனி

ஒரு யோசனை. அவனுக்கு ஏழு துண்டு வேண்டும். ஏழு துண்டு கொடுப்பேன். ஆனால் ஓட்டுநர் பக்கத்துத் துண்டு வேறாக இருக்கும்.

2017ல் வாங்கிய அதே கம்பளத்தில் மிச்சம் ஒன்றரை கெஜம் என்னிடம் சாம்பிளாக இருந்தது. அச்சை வைத்து வெட்டினேன். டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் போட்டேன். ஓரப்பட்டையைப் பழைய நூலிலேயே ஜெபமணி தைத்தாள், எதற்கு என்று கேட்கவில்லை. பிறகு ஒரு பழைய ஷூவில் லாடம் அடித்து, கையாலேயே ஊன்றித் திருப்பி, ஊன்றித் திருப்பி. பரிசோதனைக் கூடத்து இயந்திரம் இருந்தால் நாலு மணி நேரம். கையால் ஒன்பது மணி நேரம் ஆயிற்று. பிறையின் சாய்வு, துருப்பொடி, வெட்டுப்பட்ட நூல், எல்லாம் வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் போலி செய்ய மனம் வரவில்லை. அசலில் பிறைக்கு மேலே, பிரேக்கை நோக்கி, நான்கு அங்குல நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கிறது. நூல் வேரோடு பிடுங்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு முறை, முழு எடையோடு, குதிகாலை இழுத்துக்கொண்டு போன கீறல். பிரேக் அடித்திருக்கிறான். காளியப்பனைப் பார்த்திருக்கிறான்.

பிறகு அதையும் செய்தேன். இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவான்.

நவம்பர் 17, திங்கள்

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜெபமணியைக் கூப்பிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். விரலால் தடவினாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குதுங் சார்."

"இல்லையா பின்ன."

"இதுல எது நெசம்?"

"இடது பக்கம் இருக்கறது."

"அது உங்களுக்குத் தெரியும். இத வக்கீலம்மா கோர்ட்டுல கொண்டு போய் வெச்சா, இதுதான் வண்டில இருந்ததுன்னு யாருங் சார் சொல்லுவாங்க?"

புரட்டிக் காட்டினேன். மூலையில் தேதி, சுழி. "இது என் கையெழுத்து. அன்னைக்குப் போட்டது."

"அப்ப நீங்கதான் சொல்லணும்" என்றாள். "சார் கையெழுத்துன்னு சார் சொன்னாத்தான் அது கையெழுத்து. இல்லாட்டி கிறுக்கலு."

கொஞ்ச நேரம் கழித்து மெஷினில் உட்கார்ந்துகொண்டே, "இத்தன பாடுபட்டுப் பொய்யாச் செஞ்சதுக்கு, நெசத்த ஒரு வரி எழுதிக் குடுத்திருக்கலாமுங்" என்றாள். மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள்.

அவளுக்கென்ன தெரியும். தையல்காரி.

நவம்பர் 18, செவ்வாய்

புதிய கம்பளம் பொருத்தி முடிந்தது. ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. ஓட்டுநர் பக்கத்தில் குதிகால் ஊன்றுகிற இடத்தில் தடித்த ரப்பர் பட்டை வைத்துத் தைப்பது வழக்கம். ஓட்டுகிறவரை உட்காரவைத்து, குதிகாலில் சாக்பீஸ் தடவி மிதிக்கச் சொல்லி, குறி விழும் இடத்தில் தைக்க வேண்டும். நான் யாரையும் உட்காரவைக்கவில்லை. பழைய ஓட்டை இருந்த இடத்திலேயே, அதே சாய்வில் தைத்தேன்.

நாலு மணிக்கு வந்தான். கதவைத் திறந்து உட்கார்ந்தான், வலது பக்கம். ஸ்டியரிங்கைப் பிடித்தான். வலது பாதம் தானாக வெளிப்பக்கம் திரும்பியது. குதிகால் பட்டையின் நடுவில் விழுந்தது. ஒரு நூல் பிசகவில்லை.

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். மறுபடி தூக்கி வைத்தான். அதே இடம்.

"அளவே எடுக்கலையே வாத்தியாரே."

"பழசுல இருந்துச்சு."

தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

"பழசக் கொண்டா."

கட்டிவைத்திருந்த ஏழு துண்டுகளைக் கொடுத்தேன். கட்டைப் பிரித்து எண்ணினான். ஓட்டுநர் பக்கத்துத் துண்டை எடுத்து ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டான். புரட்டி, அடிப்பாகத்தின் நாலு மூலைகளையும் பார்த்தான். போலியில் நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. அசலின் எழுத்து அவனுக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"டீ வாசம் வருதுடா."

"இங்க எல்லாமே டீ வாசம்தான்."

"ம்." துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். மற்ற ஆறையும் கீழேயே போட்டான். "நீ புத்திசாலி வாத்தியாரே. காலேஜ்லயே சொல்லுவேன். ஒரு பரீட்சையிலயும் உன் பேர எழுத மறந்ததில்ல நீ. பேர் எழுதாத தாளுக்கு மார்க்கே இல்லன்னு சொல்லுவாங்கல்ல?"

வண்டியை அவனே ஓட்டிக்கொண்டு போனான். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க.

நவம்பர் 19, புதன்

ஜெபமணி வேலைக்கு வரவில்லை. மகளை இரண்டாவது ஷிப்டிலிருந்து எடுத்துவிட்டார்களாம். எங்கே போடுவார்கள் என்று இன்னும் சொல்லவில்லையாம். பக்கத்துக் கடை போனில் இதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நவம்பர் 20, வியாழன்

வக்கீல் ஹேமாவதிக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். தெளிவாக, வரிசையாக. அறுவை, கம்பளம், லாடம், ஆறுச்சாமியின் வெறுங்கால், கீறல். தொப்பி. நல்ல கடிதம். அடியில் 'இப்படிக்கு' என்று எழுதிப் பெயரும் எழுதினேன்.

பெயரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சபேசன், எம்.டெக். பொய்ச் சாட்சிக்கு ஏழு வருடம் வரை என்று எங்கோ படித்திருக்கிறேன். ஐம்பத்து நான்கு வயது எனக்கு.

மூன்றாவது பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். 'நான் பார்த்தேன்' என்று இருந்த இடங்களில் 'பார்த்தவர்கள் உண்டு' என்று மாற்றினேன்.

நவம்பர் 21, வெள்ளி

காலையில் பட்டறைக்குப் போகும் வழியில் ஆறுச்சாமியைப் பார்த்தேன். சிங்காநல்லூர் பஸ் நிறுத்தத்தில், கையில் புதுப் போர்வை ஒன்று, கடைப் பையோடு. உள்ளே குளிரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் பைக்கை நிறுத்தவில்லை. ஹாரன் மட்டும் அடித்தேன்.

அசல் துண்டைக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். பெரிய உறைக்குள் மடித்தால் அடங்குகிறது. மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை புரட்டிப் பார்த்தேன். மூலையில் என் எழுத்து அப்படியே இருந்தது. எட்டு வருடத்தில் கொஞ்சமும் மங்கவில்லை, நல்ல மார்க்கர்.

கத்தரிக்கோலால் அந்த மூலையை வெட்டி எடுத்துவிட்டேன். மூன்று அங்குலம்தான். தேதியும் அதோடு போய்விட்டது, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. தேதியைக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேனே. அந்த அம்மாள் படித்தவர், லாடத்தின் அடையாளத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வார். புரியவில்லையென்றால் அது என் தவறில்லை. என்னால் ஆனதைச் செய்துவிட்டேன்.

உறையின் முன்பக்கம் அவர் முகவரி எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். வெட்டிய மூலை சட்டைப் பையில் இருக்கிறது. சணல் நெஞ்சில் உறுத்துகிறது.

நாளை காலை ஏழு மணிக்கு முதல் தபால் எடுக்கிறார்கள். அதற்கு முன் போய்ப் பெட்டியில் போட்டுவிடுவேன். பெயர் போடப்போவதில்லை.